துரியோதனன் கால் கட்டைவிரல்

பங்குனியில் அனுப்பிய கதைக்குப் பதில் சித்திரை வெயிலில் வந்தது. அப்போது நான் பள்ளி வேனில் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்தில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் தனியார் பள்ளியில் கோடை விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான். நாங்கள் ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுத்து, பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். யாரையும் சேர்க்காத ஆசிரியருக்கு ஜூன் மாதத்தில் மரியாதை குறைந்துவிடும். அன்றைக்கு எனக்கு ஜோடி கணக்கு மிஸ்.

பெருமுக்கல் மலை வேன் ஜன்னலில் தெரிந்தபோது போன் அதிர்ந்தது. சென்னையிலிருந்து வரும் ஒரு சிறு பத்திரிகையின் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

'உங்கள் கதை பிடித்திருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். இதே சமயத்தில் திண்டிவனத்திலிருந்து இன்னொரு ஆசிரியையும் கதை அனுப்பியிருக்கிறார். அவருடையதும் துரியோதனன் மனைவியைப் பற்றியதுதான். அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டு கதையிலும் அவள் இறந்த கணவனின் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்கிறாள். பாரதத்தில் இப்படி ஒரு காட்சி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்தீர்களா, அல்லது இருவரும் ஒரே செயலியிடம் கேட்டு எழுதினீர்களா? தக்க விளக்கம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் விரலை எடுத்துவிட்டு அனுப்புங்கள், உடனே போடலாம்.'

படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் கை என்னுடையது. அப்பா விழுப்புரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா களை எடுக்கப் போகிறவள். நான் எம்.ஏ. முடித்து, பி.எட். முடித்து, சொந்தமாக ஒரு கதை எழுதினால், மிஷினிடம் கேட்டாயா என்கிறார்.

கோபம் அடங்கியதும் இரண்டாவது எண்ணம் வந்தது. திண்டிவனத்தில் இன்னொரு ஆசிரியை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். கணக்கு மிஸ் தன் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? அவள் பிறந்ததே அந்த மலை அடிவாரத்துப் பக்கத்து ஊரில்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பாஞ்சாலி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் திருவிழாவின் கடைசிக்குச் சற்று முன் படுகளம் நடக்கும். திறந்த வெளியில் மண்ணைக் குழைத்து துரியோதனனை மல்லாந்து படுத்த மாதிரி பெரிதாகச் செய்வார்கள். கூத்து ஆடுகிறவர்கள் வேஷத்தோடு வந்து அந்த உடம்பைச் சுற்றிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். தொடைக்குள் புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் வரும். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். அதோடு ஜனங்களுக்குக் கதை முடிந்தது. சாயங்காலம் தீ மிதிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கு அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று யோசனை. பாஞ்சாலி முடிந்த கூந்தலோடு போய்விட்டாள். துரியோதனன் பெண்சாதி வந்திருப்பாள் அல்லவா? அவள் நம்பியிருப்பாளா? அந்தப் போரில் யார்தான் பொய் சொல்லவில்லை. யானை செத்ததை ஆள் செத்ததாகச் சொன்னார்கள். பகலை இருட்டாக்கிக் காட்டினார்கள். அவள் புருஷனே கடைசியில் ஒரு மடுவுத் தண்ணீருக்குள் போய் ஒளிந்திருந்தான். ஆகவே என் கதையில் அவள் அழுதுகொண்டு வரவில்லை. சந்தேகத்தோடு வருகிறாள். கிடப்பது அவன்தானா, அவன்தான் என்றால் நிஜமாகவே செத்துவிட்டானா என்று பார்க்க வருகிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, மார்பில் கை வைக்கவில்லை. கால் பக்கம் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்து, தினமும் படுக்கையில் எடுத்துவிடுகிற மாதிரி, சொடக்கு எடுக்கிறாள். சத்தம் வரவில்லை. அப்புறம்தான் அழுகிறாள்.

அந்தச் சொடக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மூட்டை தூக்கிவிட்டு வந்து படுக்கும் அப்பாவுக்கு அம்மா அப்படித்தான் விரல் விரலாக எடுத்துவிடுவாள். கட்டைவிரலுக்கு மட்டும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அது என் வீட்டுச் சொத்து. அதை வேறு எவள் எழுத முடியும்?

கணக்கு மிஸ்ஸுக்கு நான் கதை எழுதுவது தெரியும். பள்ளியில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். என் போனில் தமிழ் எழுத்துப் பலகை தகராறு செய்தபோது அவள்தான் வாங்கிச் சரி செய்தாள். ஒரு மதிய இடைவேளை முழுக்கப் போன் அவளிடம் இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கதையைப் படித்தும் காட்டினேன். துரியோதனன் பெண்சாதி களத்துக்குள் கால் வைக்கும் இடம் வரை படித்தேன். மணி அடித்துவிட்டது.

"அப்புறம் இன்னா ஆவும்னு நெனைக்கிறே?" என்று கேட்டேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சிரித்தாள்.

அன்று அந்தச் சிரிப்பு எனக்குப் பாராட்டாகத் தெரிந்தது. வேனில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. அவள் கதை எழுதுவாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பில் முக்கோணம் வரைகிறவளுக்குத் துரியோதனன் பெண்சாதி எதற்கு? அவள் வீடு நிலம் நீச்சு உள்ள வீடு. அவள் தாத்தாவே படித்தவர். வீடு நிறையப் புத்தகம் இருப்பதாக அவளே சொல்லியிருக்கிறாள். இவ்வளவு வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கட்டைவிரல்தான் கிடைத்ததா?

வேன் நின்றது. ஒரு வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண் எங்களை நிமிர்ந்து பார்த்து, "உங்க ஸ்கூல்ல அப்படி இன்னா ஸ்பெசலு?" என்று கேட்டாள்.

வழக்கமாக இதற்கு நான்தான் பதில் சொல்வேன். அன்று கணக்கு மிஸ் முந்திக்கொண்டாள். "பசங்கள எதையும் பாத்து எழுத வுடமாட்டோங்க்கா. எல்லாமே சொந்தமா எழுதணும்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தாள்.

"ஆமாங்க. எங்க மிஸ் அதுல ரொம்ப கண்டிசன்" என்றேன் நான்.

"அதான் ஸ்பெசலா? எம் பையன் பாத்து எழுதியே பாஸாவல" என்றாள் அந்தப் பெண். நோட்டீஸை வாங்கி அதில் கடலைத் தோலைக் கொட்டினாள்.

அன்று முழுக்க நாங்கள் ஒருவரை ஒருவர் 'மிஸ்' என்றே கூப்பிட்டுக்கொண்டோம். மற்ற நாளில் தனியாக இருந்தால் 'ஏய்', 'என்னடி' தான். முதல்முறை அவள் "மிஸ், தண்ணி பாட்டில் குடுங்க" என்றபோது எனக்கு உறுதியாகிவிட்டது. குற்றம் செய்தவர்கள்தான் மரியாதையாகப் பேசுவார்கள்.

சாயங்காலம் ரயிலில் விழுப்புரம் திரும்பும்போது போனைத் திறந்து கதையில் விரலை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பத்திதான். எடுத்ததும் துரியோதனன் பெண்சாதி களத்துக்கு வருகிறாள், பார்க்கிறாள், அழுகிறாள். ஊரில் எல்லாரும்தான் அழுகிறார்கள். மயிலத்தில் எடுத்ததைப் பேரணி வருவதற்குள் திரும்ப வைத்தேன். விக்கிரவாண்டியில் மறுபடி எடுத்தேன். நான் எடுக்காவிட்டால் அவள் எடுத்துவிடுவாள், அவள் கதை வந்துவிடும், என் கதை மட்டும் விரலோடு பத்திரிகை ஆசிரியரிடமே கிடக்கும். எடுத்தாலோ, அது என்னுடையதில்லை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசனை வந்தபோது விரல் மறுபடி கதைக்குள் இருந்தது. விழுப்புரத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் போன் பூட்டின் எண்ணை மாற்றினேன்.

அம்மா ஒரு பேஜாரைக் கண்டால் உடனே பிடித்துவிடுவாள். "மொகம் ஏன் இப்படிக் கீது?" என்றாள்.

"ஒருத்தி எங்கிட்டருந்து திருடிட்டாம்மா."

"நகையா?"

"கதை."

நகை இல்லை என்று தெரிந்ததும் அம்மா முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கக்கூட இல்லை. "ஞாயித்துக்கெழம ஊர்ல படுகளம். வேண்டுதல் கீது, நான் தீ மிதிக்கிறேன். இந்த வருசமாவது வர்றியா, இல்ல பரிட்சை பேப்பருன்னு சொல்லிக்கினு இங்கயே குந்திக்கப் போறியா?"

எங்கள் ஊர் கண்டாச்சிபுரத்துக்குப் பக்கம். விழுப்புரத்துக்கு வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா படுகளத்தை விட்டதில்லை. நான்தான் ஆறாம் வகுப்பிலிருந்து போகவில்லை. முதலில் விடுதி, பிறகு தேர்வு, பிறகு பழக்கமே விட்டுப்போனது. உள்ளதைச் சொன்னால், படித்த பிறகு அந்த வெயிலும் புழுதியும் எனக்குப் பிடிக்கவில்லை. கதை எழுதியபோதுகூடப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. எழுதுவதற்கு வேண்டியது தலைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன்.

இந்த முறை போகலாம் என்று தோன்றியது. பத்திரிகை ஆசிரியருக்கு என்ன பதில் எழுதுவது என்பதைத் திண்டிவனத்திலிருந்து தூரமாக இருந்து யோசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் போனபோது துரியோதனன் தயாராகக் கிடந்தான். பெரிய விழிகள், முறுக்கிய மீசை, தார்ரோடு போல அகலமான மார்பு. ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்த ஜனங்கள் கண் சிவந்து நின்றார்கள். தலைமாட்டில் கூட்டம் நெருக்கியது, அங்கேதான் சண்டை நன்றாகத் தெரியும். அம்மா விரதத்தில் இருந்ததால் நெருக்கலில் நிற்க முடியாது என்று கால் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். "சின்னப்புள்ளயில நீ இங்கதான் குந்தியிருப்ப. இந்தப் பக்கம் கூட்டம் கம்மி" என்றாள்.

பீமன் அடித்தான். பானை உடைந்தது. பாஞ்சாலி கூந்தல் முடித்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் போகலாம் என்றுதான் இருந்தது.

அப்போது வெள்ளைப் புடவை சுற்றிய ஓர் ஆள், கையில் முறமும் துடைப்பமுமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூத்தில் துரியோதனன் பெண்சாதி வேஷம் கட்டுகிறவர். வந்தவர் முகத்தின் பக்கம் போகவில்லை. நேராகக் கால் பக்கம் வந்தார். எனக்கு நான்கு முழ தூரத்தில் உட்கார்ந்தார். முறத்தைக் கீழே வைத்தார். மண்ணால் ஆன அந்தப் பெரிய வலது காலின் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு திருகு திருகி, இழுத்தார். விரல் கையோடு வந்தது. அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒப்பாரி வைத்தார்.

அடுத்த நொடியில் என் மனம் நினைத்ததை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான்: கணக்கு மிஸ் இவரிடமும் என் கதையைச் சொல்லிவிட்டாளா?

அவ்வளவு தூரத்துக்கு என் சந்தேகம் முற்றியிருந்தது. அந்த மனுஷனின் கைப்பழக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது நேற்றுக் கற்றது இல்லை. விரலைச் செய்தவர்கூட அதை இழுத்தால் வருகிற மாதிரி தனி உருண்டையாகத்தான் ஒட்டியிருந்தார்.

"அம்மா, இது எப்பவும் பண்றதா?" என்றேன்.

"எது?"

"வெரல இழுக்கறது."

"ஆமா. நீ அந்த வெரலக் கேட்டு அழுவ. சாமி மண்ணு, வெளையாடக் கூடாதுன்னு புடுங்கி வச்சேன்." அம்மா என்னைப் பார்க்காமல் ஒப்பாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

ஆக, அது என் தலைக்குள் இருந்ததுதான். நான் கண்டுபிடித்ததாக நினைத்தது, என் கண் முன்னால், ஊரே பார்க்க வருஷா வருஷம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. தலைமாட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கால் பக்கம் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒப்பாரி முடிந்ததும் பெண்கள் மண் எடுக்க விழுந்தார்கள். துரியோதனன் மேல் மண் எடுத்துக் குதிரில் போட்டால் தானியம் குறையாது என்பார்கள். அந்த நெரிசலில்தான் பார்த்தேன். எதிர்ப்பக்கம், துரியோதனனின் இடது கால் பக்கத்தில், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு கணக்கு மிஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் மண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

பெருமுக்கல் எங்கே, கண்டாச்சிபுரம் எங்கே. இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

நான் சுற்றிக்கொண்டு போனேன். "இங்க இன்னா பண்றே?"

"நீ இன்னா பண்றே?"

"இது எங்க ஊரு."

"அப்படியா? நீ சொன்னதே இல்ல."

"நீ கதை எழுதறேன்னுகூடத்தான் சொன்னதே இல்ல."

அவள் துப்பட்டாவை இறக்கினாள். கழுத்தெல்லாம் வியர்வை. "உனக்கும் மெசேஜ் வந்துச்சா?"

"வேன்லயே வந்துச்சி."

"எனக்கும் வேன்லதான். அதான் போனைக் கவுத்து வச்சிக்கினு மலையைப் பாத்துக்கினு வந்தேன். நீ எங்கிட்டருந்து எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"நானா? உங்கிட்டருந்தா? உங்கிட்ட இன்னா இருந்துச்சி எடுக்க?"

"உன் போனை ரிப்பேர் பண்ணினேன் இல்ல, அன்னிக்கி என் போனும் டேபிள் மேலதான் இருந்துச்சி. பூட்டாம. நீ பக்கத்துலயே குந்தியிருந்த." அவள் குரல் இறங்கியது. "அப்புறம் நீ படிச்சுக் காட்டினே. அவ களத்துக்கு வர்றா வர்றான்னு படிக்கறே, எனக்கு ஒரே பயம். எங்க கால் பக்கம் போயிடப் போறாளோன்னு. மணி அடிச்சுது, பொழச்சேன்னு டப்பாவ மூடினேன்."

அந்தச் சிரிப்பின் கணக்கு இதுதானா என்று கேட்டுக்கொண்டேன். முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். "சரி, இங்க எதுக்கு வந்தே?"

"எங்க ஊர் படுகளத்துல இதே ஆளுதான் அந்த வேசம் கட்டுவாரு. சின்னதுலருந்து பாத்திருக்கேன். எங்க ஊருல மட்டும்தான் இப்படின்னு நெனச்சிக்கினு எழுதிட்டேன். மெசேஜ் வந்ததும் டவுட்டு. கூத்துச் செட்டு இந்த வாரம் இங்க ஆடுதுன்னு கேட்டு வந்தேன். எல்லா ஊர்லயும் இழுக்கறாரான்னு பாக்கலாம்னு." நிறுத்தி, "இழுத்துட்டாரு" என்றாள்.

எனக்கு அப்போது அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நான் தூரமாகப் போய் யோசிக்க வந்தேன். அவள் பஸ் மாறிச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறாள். கணக்குக்காரி.

கோயிலுக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக்குள் அந்த ஆள் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்து வேஷத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் துரியோதனன் பெண்சாதி, பாதி முகம் ஐம்பது வயசு ஆம்பளை. எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார்.

"வீடியோ எடுத்தீங்களா? எடுத்திருந்தா அழிச்சிடுங்க. போன வருசம் ஒருத்தன் எடுத்துப் போட்டு, நான் பீடி குடிக்கறது வரைக்கும் வந்துடுச்சி. எம் மருமவன் பாத்துட்டு ஒரு மாசம் பேசல."

"எடுக்கலண்ணா. ஒண்ணு கேக்கணும்" என்றாள் கணக்கு மிஸ். "அந்தக் கட்டைவெரல ஏன் இழுக்கறீங்க?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், எவன் இன்னா சொன்னான்? தப்புன்றானா?"

"தப்புன்னு யாரும் சொல்லல. நல்லாருந்துச்சி. அதான் அர்த்தம் கேக்கறோம்" என்றேன் நான். "செத்துட்டானான்னு பாக்கறதுக்கா?"

"வீட்டுக்கு எடுத்துக்கினு போறதுக்குத்தானே?" என்றாள் அவள்.

"இன்னாம்மா நீங்க. மொகவீணை ஊதறவரு எதுத்தாப்புல தள்ளி நிக்கறாரு. அவருக்குக் காது மந்தம். நான் ஒப்பாரி எடுத்தா அவருக்குக் கேக்காது, கண்ணுதான் தெரியும். வெரலு கையோட வந்துச்சின்னா ஊதணும். அதான் சிக்னலு."

நான் விடாமல் கேட்டேன். "நீங்களாத்தான் இத வச்சீங்களா?"

"எங்க வாத்தியாரும் இழுப்பாரு. அவரப் பாத்துதான்."

"அப்ப இருந்த மொகவீணைக்காரருக்கும் காது கேக்காதா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அவர். பிறகு எதையோ யோசித்த மாதிரி கண்ணைச் சுருக்கினார். "நீங்க எந்த ஆபீசு?"

"ஸ்கூல் டீச்சருங்க, திண்டிவனத்துல."

"அப்படியா. எம் பேத்தி அங்கதான் கீது. பீசு கொறைப்பீங்களா?"

கணக்கு மிஸ் கைப்பையிலிருந்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். படுகளத்துக்குக்கூட அவள் நோட்டீஸோடுதான் வந்திருந்தாள்.

அம்மா தீ மிதிக்க இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்கரையில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து போன்களை மாற்றிக்கொண்டோம். அவள் என் கதையைப் படித்தாள். நான் அவளுடையதைப் படித்தேன். போலீஸ்காரன் வீடு சோதனை போடுகிற மாதிரிதான் படிக்க ஆரம்பித்தேன். என் வரி எங்கே, என் சொல் எங்கே என்று தேடினேன்.

ஒன்றும் அகப்படவில்லை. அவள் கதையில் துரியோதனன் பெண்சாதி எதையும் சந்தேகப்படவில்லை. செத்துவிட்டான் என்று அவளுக்கு வருவதற்கு முன்பே தெரியும். கட்டைவிரலை இழுக்கிறாள், மடியில் கட்டுகிறாள், வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போடுகிறாள். தினமும் அரிசி அள்ளும்போது விரல் கையில் தட்டும். எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுவாள். நாளாக நாளாக விரல் சிறுத்துக்கொண்டு வருகிறது. ஒருநாள் அள்ளும்போது எதுவும் தட்டவில்லை. பானையைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். மண் அரிசியோடு கலந்து, இத்தனை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றில் போய்விட்டிருக்கிறது. அவள் அன்றைக்குத்தான் அழுகிறாள்.

படித்து முடித்துப் போனை மடியில் வைத்தேன். இது எனக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. எம்.ஏ. படித்தது நான். வருத்தமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, ஆனால் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருந்தது. இவள் எடுத்தது என் வீட்டு விரலை இல்லை. அவள் விரலுக்குள் சத்தமே இல்லை. என்னுடையதில்தான் சொடக்கு இருந்தது. அதை எந்தக் கூத்துக்காரரும் எனக்குக் கொடுக்கவில்லை. அது அம்மாவும் அப்பாவும் கொடுத்தது.

"நல்லாருக்கா?" என்றாள் அவள், என் போனிலிருந்து தலை எடுக்காமல்.

"நல்லாருக்கு. என்னுது?"

"எங்க வீட்ல யாரும் யார் காலையும் புடிக்க மாட்டாங்க. இந்தச் சொடக்கு எனக்குத் தெரியாது" என்றாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா குறையாகச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். இரண்டு பேரும் ஒரே கூத்துச் செட்டின் படுகளத்தைக் கால் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்கள், எந்தச் செயலியும் இல்லை, விரலை எடுக்கப் போவதில்லை என்று எழுதினேன். அதையே அவளும் அவள் வார்த்தையில் எழுதினாள். அனுப்புவதற்கு முன் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துப் பார்த்தோம்.

அவர் இரண்டு நாள் கழித்து எனக்குப் பதில் போட்டார். 'இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? விவரம் தெரிந்த இருவரிடம் கேட்டேன். அவர்கள் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள்.'

ரயில் மயிலம் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய ஆட்கள் தலைமாட்டில் நின்று பார்த்திருப்பார்கள். எங்கேயாவது எழுதியிருந்தால்தான் நம்புவேன் என்கிறவருக்கு என்ன சொல்ல? எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்ததே என்னோடுதானே ஆரம்பம். நான் எழுதினேன்: 'எழுதப்பட்டிருக்கிறது. உங்களிடம்தான் இருக்கிறது, இரண்டு கதையாக. இன்னும் சந்தேகம் என்றால் அடுத்த படுகளத்துக்கு வாருங்கள். கால் பக்கம் இடம் பிடித்து வைக்கிறோம்.'

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. இரண்டு போனும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. இரண்டு கதையையும் விரலோடு ஒரே இதழில் போடுவதாக எழுதியிருந்தார். படுகளத்துக்கு வருவதாகவும், நிஜமாகவே இடம் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

"நக்கலா?" என்றேன்.

"நெஜம்தான்னு தோணுது" என்றாள் கணக்கு மிஸ். மோர்சோற்றைப் பிசைந்தாள். "ஏய், யாருது முன்னாடி வருதாம்?"

"அத அவரு சொல்லல."

"உனக்குமா சொல்லல?"

"சொல்லலடி."

"எங்க, போனக் காட்டு."

காட்டினேன். "உன்னுதக் காட்டு" என்றேன்.

அவள் காட்டினாள். அதிலும் அதே வரிகள்தான் இருந்தன. ஆனாலும் நான் அவள் போனில் மேலே தள்ளித் தள்ளி, நடுவில் ஏதாவது அழித்திருக்கிறாளா என்று பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் என் போனில் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.